ஒளிக் கத்தியும் கழன்ற திருகும்

புதுச் சாமான் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் நம்மவர்கள் செய்யும் முதற் காரியம், அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது. இரண்டாவது காரியம், மின்சார விசையைத் தட்டிவிடுவது. இவ்விரண்டுக்கும் நடுவே செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. சாமானைக் காதருகே வைத்து மெள்ள ஆட்டிப் பார்க்கவேண்டும். தேங்காய் வாங்கும்போது இதைச் செய்யாதவர் நம்மில் எவருமில்லை. தேங்காய்க்குக் காட்டும் இந்த மரியாதையைப் பல ஆயிரம் ரூபாய் பெறுமான யந்திரத்துக்கு மட்டும் ஏனோ நாம் காட்டுவதில்லை.

மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. பழைய மாணாக்கர் சிலர் சேர்ந்து வாங்கித் தந்த முப்பரிமாண அச்சு யந்திரம் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிளாஸ்டிக் நூலை உருக்கி, இடியாப்பம் பிழிவது போல் அடுக்கடுக்காகப் பிழிந்து உருவங்களைச் சமைக்கும் யந்திரம் அது. அதன் பிழியும் முனையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் லேஸர் தலை ஒன்றை மாட்டிவிட்டால், பிழிந்துகொண்டிருந்த யந்திரம் வெட்டத் தொடங்கிவிடும். அப்படி மாட்டுவதற்கான தலைதான் பெட்டியில் வந்தது. பிடிக்குள் அடங்கும் ஓர் அலுமினியக் கட்டி. முதுகில் ஒரு தகடு. பக்கங்களில் வெப்பம் தணிக்கச் சீப்புப் பல் போன்ற இதழ்கள். உச்சியில் ஒரு சிறு விசிறி. அடியில் கண்ணாடி வில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை வெளியில் எடுத்தாள், ஆட்டினாள், "ஸார், உள்ளே என்னவோ கடகடவென்கிறதே!" என்றாள்.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு அப்போது ஆறே நாட்கள் இருந்தன. அறுபது பெயர்ப் பலகைகள் வெட்டவேண்டும். பையன்களுக்குப் பொறுமை ஏது? "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம், ஸார். சத்தம் அதிகமானால் நிறுத்திவிடலாம்" என்றார்கள். மாவரைக்கும் யந்திரமாயிருந்தால் நாமும் அதற்குச் சம்மதித்திருப்போம். ஆனால் இது ஒளியால் வெட்டும் யந்திரம். ஏன் சம்மதிக்கவில்லை என்பதை விளக்க, அந்த ஒளியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்துப் பார்க்காத சிறுவன் இல்லை. லேஸர் செய்வதும் அதே வேலைதான். நமக்கு வந்த தலையின் ஒளிச் சக்தி பத்து வாட். வீட்டு விளக்கின் கணக்கில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் விளக்கின் ஒளி அறை முழுவதும் சிதறுகிறது. இதுவோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியில் வந்து குவிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தப் புள்ளியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரம் வாட். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் வாட் தருகிறது. ஆகவே வள்ளூர் வெயிலைப் போல் பத்து லட்சம் மடங்கு உக்கிரமான ஒரு சூரியத் துளியைக் குண்டூசி முனையில் ஏந்திக்கொண்டு அந்தத் தலை ஓடுகிறது. மரம் கருகி ஆவியாவதில் என்ன ஆச்சரியம்?

இந்த அதிசயம் பிறந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. அமெரிக்காவில் தியோடர் மேமன் என்பவர் 1960-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி செயற்கைக் கெம்புக் கல் ஒன்றிலிருந்து முதல் லேஸர் ஒளியை எழுப்பினார். அடுத்த நான்கே வருஷங்களில், 1964-ல், கரியமில வாயுவிலிருந்து லேஸர் ஒளி எடுக்கும் வழியைப் பெல் ஆராய்ச்சிசாலையில் ஒருவர் கண்டார். இன்று தொழிற்சாலைகளில் பலகையையும் துணியையும் வெட்டும் லேஸர்களில் பெரும்பாலானவை அவர் கண்ட வழியில் வந்தவையே. அவர் யார் தெரியுமா? மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து, புனா எஞ்சினீயரிங் கலாசாலையில் படித்துப் பட்டம் பெற்ற குமார் படேல். நம் பாடப் புஸ்தகங்கள் இவரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதலாம். 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராப்ட் என்பவர் லேஸர் கிரணத்தோடு ஆக்ஸிஜன் வாயுவையும் சேர்த்துச் செலுத்தி எஃகுத் தகட்டையே அறுத்துக் காட்டினார். 1990-களில் ஜப்பானில் ஷூஜி நகாமுரா நீல ஒளி தரும் சிறு படிக லேஸரைச் செய்தார். அந்த வமிசத்தில் வந்ததுதான் இப்போது பெட்டிக்குள் கடகடத்தது.

நீல ஒளி பார்வைக்கு அழகு, கண்ணுக்கு யமன். லேஸர்களை அபாயத்தின் அளவுப்படி நான்கு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரை வாட்டுக்கு மேற்பட்டவை எல்லாம் நான்காம் வகுப்பு. நம்முடையது அதற்கு இருபது மடங்கு. அந்தக் கிரணம் நேரே கண்ணில் படவேண்டும் என்பதுகூட இல்லை. பளபளப்பான ஒரு திருகின் தலையில் பட்டுத் தெறித்து வந்தாலும் போதும். தூசி விழுந்தால் இமை மூடிக்கொள்வது இயற்கை தந்த காப்பு. ஆனால் இமை மூடக் கால் விநாடி ஆகிறது. லேஸருக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். விழித்திரையில் வலி அறியும் நரம்புகளும் இல்லை. சுட்டது தெரியாமலே சுட்டுவிடும். அந்த இடத்தில் பிறகு பார்வை திரும்புவதில்லை. உள்ளே வில்லை கழன்றிருக்கிறதா, தகடு ஆடுகிறதா, கிரணம் எந்தத் திசையில் போகும் என்று எதுவுமே தெரியாத நிலையில், முப்பது குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு விசையைப் போட நாம் எப்படி ஒப்புவோம்?

நிற்க. சாமான் கழன்று வந்ததற்குக் காரணத்தைத் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. எண்ணூரில் 2001-ல் திறக்கப்பட்டு, 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்ட துறைமுகத்துக்கும், அதன் அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் இரவு பகலாகச் செல்லும் பெட்டி லாரிகள் எங்கள் பக்கத்துச் சாலைகளை என்ன பாடு படுத்துகின்றன என்பது இங்கே வந்துபோனவர்களுக்குத் தெரியும். நமது பெட்டியும் அத்தகைய சாலை ஒன்றில்தான் குலுங்கி வந்திருக்கிறது.

குலுக்கலில் திருகு ஏன் கழலுகிறது? மேலும் கீழும் அசைவதால் என்றே பலரும் நினைக்கிறார்கள். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1969-ல் பரிசோதனை செய்து வெளியிட்ட முடிவு வேறு. திருகு பிடித்திருக்கும் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கினால், மரைகளுக்கிடையே உள்ள உராய்வின் பிடி அந்தக் கணத்தில் விட்டுப்போகிறது; திருகு மயிரிழை திரும்புகிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு மயிரிழை. சிறிது நேரத்தில் திருகு முழுவதுமே கழன்று விழுந்துவிடும். தகடுகள் வழுக்காதபடி முதலிலேயே போதிய அளவு இறுக்கிவைத்தால் ஒழிய இதற்கு மருந்தில்லை. சுருள் வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு யுங்கரின் பரிசோதனை ஏமாற்றத்தையே தரும்.

இனி நம் லேஸர் தலைக்கு வருவோம். மின்சார இணைப்பு எதுவும் இல்லாமல், மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் தலையை வைத்தோம். துணி எதற்கென்றால், சிறு திருகு ஒன்று விழுந்து தரையில் உருண்டால் அதைத் தேடுவதற்கே அரை நாள் போய்விடும். மாணவனொருவனின் தகப்பனார் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கடைசல் வேலை செய்பவர்; சொல்லியனுப்பியதும் வேலை முடிந்து நேரே வந்துவிட்டார். சர்வகலாசாலைப் பட்டம் ஒன்று நமக்கிருந்தாலும், இறுக்கமும் தளர்வும் விரலுக்குத் தெரியும் வித்தையை அங்கே சொல்லித்தருவதில்லை. அவர் ஒரு கையால் தகட்டையும் மற்றொரு கையால் கட்டியையும் பிடித்து அசைத்தார். "வாத்தியாரையா, கழன்றது எது என்று தெரியாமல் எதையும் இறுக்கக் கூடாது" என்றார்.

கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. எது எதோடு சேர்ந்து அசைகிறது என்று பார்க்கவேண்டும். முதுகுத் தகட்டைப் பிடித்துக்கொண்டு கட்டி மட்டும் ஆடினால், தகட்டின் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. யந்திரத்தில் மாட்டிய பிறகு தகடும் கட்டியும் ஒன்றாகச் சேர்ந்து ஆடினால், குற்றம் தலையில் இல்லை; அது ஓடும் வண்டியின் சக்கரங்களில் இருக்கிறது; அங்கே மையம் விலகிய நட்டு ஒன்று இருக்கும், அதைச் சிறிது திருப்பினால் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். இவை இரண்டும் இல்லாமல், ஒலி வில்லைக் குழலுக்கு உள்ளிருந்து வருமானால் அங்கே கை வைக்கவே கூடாது. படிகமும் வில்லையும் மயிரிழை பிசகாமல் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை. அதைத் திறப்பது, கடிகாரத்தைக் கடப்பாரையால் திறப்பது போலத்தான். மூடித் திருப்பி அனுப்பவேண்டியதே.

நமது நல்ல காலம், குற்றம் முதல் வகையைச் சேர்ந்தது. முதுகுத் தகட்டில் துவாரங்கள் நான்கு, திருகுகள் மூன்று. அவற்றிலும் இரண்டு விரலாலேயே திரும்பின. நான்காவது திருகு எங்கே? டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, வெப்பம் தணிக்கும் இதழ்களுக்கிடையே, விசிறிக்குச் சற்றுக் கீழே, சிக்கிக்கொண்டு மின்னியது. விசையைப் போட்டிருந்தால் விசிறி அதைக் கவ்வி நின்றிருக்கும். விசிறி நின்றால் படிகம் சூடேறி முடிந்திருக்கும். பல் குச்சியால் நகர்த்தி அந்த மாணவியே அதை வெளியே எடுத்தாள். மரைகள் பாதி தேய்ந்து, மறுபடி உபயோகத்துக்கு லாயக்கற்றதாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கையில் கருவி எடுக்குமுன் நாம் படம் பிடித்தோம். காலித் துவாரம், தளர்ந்த திருகு, பெட்டியின் நசுங்கிய மூலை எல்லாவற்றையும். விற்றவர்களுக்கு எழுதி, "வெளித் திருகுகளை நீங்களே இறுக்கிக்கொள்ளலாம்; அதனால் உத்தரவாதம் போகாது" என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். பதில் வர இரண்டு நாட்கள் ஆயின. பையன்களுக்கு அது இரண்டு யுகம். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் திருகைத் தொட்டிருந்தால், நாளை வில்லையே உடைந்தாலும் பழி நம் தலையில்தான் விழும். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இணைய வியாபாரத்துக்கென்று 2020-ல் விதிகள் வந்திருக்கின்றன. குறை சொன்னால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவேண்டும். நம் குடும்பங்களில் பெட்டியைக் கிழித்து எறிவதில் காட்டும் அவசரத்தை இந்த விதிகளை அறிவதில் காட்டுவோர் குறைவு.

திருகு வாங்க மீஞ்சூர் இரும்புக் கடைக்கு மாணவியையும் அவள் தம்பியையும் அனுப்பினோம். தேய்ந்த திருகைக் கையிலேயே கொடுத்தனுப்பினோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எம் 3 தானே பாப்பா! எட்டு மில்லி தீர்ந்துபோச்சு, பன்னிரண்டு இருக்கிறது. கொஞ்சம் நீளமாயிருந்தால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், கொண்டு போ" என்றாராம். அவள், "வேண்டாம் அண்ணாச்சி, எட்டுதான் வேண்டும்" என்று பிடிவாதமாக நின்று, அவர் பின்கட்டில் தேடி எடுத்துக் கொடுக்கும் வரையில் நகரவில்லை. பெண் செய்தது மெத்தச் சரி. எம் 3 என்றால் மூன்று மில்லிமீட்டர் பருமன். ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே போகும். நான்கு மில்லிமீட்டர் அதிகமென்றால் எட்டுச் சுற்று அதிகம். அந்த எட்டுச் சுற்றும் அலுமினியத்தைத் தாண்டி, உள்ளேயுள்ள மின்பலகையில் போய்க் குத்தியிருக்கும்.

ஆனால் நம்மை வியக்கவைத்தது வேறொன்று. கடல் கடந்து எங்கோ செய்த யந்திரத்தின் துவாரத்தில், மீஞ்சூர்க் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கிய திருகு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்ததே, அதுதான். இது தானாக நடந்துவிடவில்லை. நூற்றெண்பது வருஷங்களுக்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட்டு மற்றொரு பட்டறையின் நட்டில் ஏறாது. யந்திரம் பழுதானால் செய்த பட்டறைக்கே திரும்ப ஓடவேண்டும். மான்செஸ்டரில் யந்திரங்கள் செய்துகொண்டிருந்த ஜோஸப் விட்வொர்த், பல பட்டறைகளின் திருகுகளையும் சேகரித்து அளந்து, சராசரி கண்டு, 1841-ல் எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவை முன்வைத்தார். ஆங்கிலேயர் காலத்துப் பட்டறைகளில் நம் தாத்தாக்கள் கையாண்டது அந்த அளவைத்தான். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. இப்போது உலகமெங்கும் வழங்கும் மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. நம் தேசம் 1956-ம் வருஷத்துச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகளுக்கு மாறியது. அதனால்தான் இன்று மீஞ்சூர் அண்ணாச்சியின் டப்பாவும் அந்நிய தேசத்துத் தொழிற்சாலையும் ஒரே பாஷை பேசுகின்றன. தேசங்களுக்குள் எத்தனையோ தகராறுகள். ஆனால் எம் 3 விஷயத்தில் மட்டும் ஏகமனதாக இருக்கிறார்கள்!

இறுக்கும் வேலைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசல்காரர் சொல்லச் சொல்ல மாணவி செய்தாள். முதலில் திருகை முன்னோக்கி அல்ல, பின்னோக்கித் திருப்பினாள். ஓரிடத்தில் 'டிக்' என்று மெல்ல விழுவது விரலுக்குத் தெரியும். மரையும் மரையும் வாய் சேர்ந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அங்கிருந்து முன்னோக்கித் திருப்பினால் கோணலாக ஏறாது. மெதுவான அலுமினியத்தில் ஒரு தடவை கோணலாக ஏறிவிட்டால் துவாரமே பாழ். நான்கையும் விரலால் ஏற்றிய பிறகு, இரண்டரை மில்லிமீட்டர் ஆலன் கீயால், லாரிச் சக்கரம் மாட்டுவது போல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்கினாள். "இரண்டு விரல் பலம் போதும் அம்மா. மணிக்கட்டுப் பலம் கொடுத்தால் மரை அறுந்துபோகும்" என்றார் அவர்.

திருகு மறுபடி கழலாதிருக்க ஒரு பசை விற்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர், அமெரிக்காவில் ஹார்ட்போர்ட் நகரத்துக் கலாசாலை ஒன்றில் ரஸாயனம் போதித்த வெர்னன் கிரீபிள். அவரும் நம் ஜாதி, அதாவது வாத்தியார் ஜாதி! 1953-ல் வந்த அந்தப் பசை, காற்றுப் பட்டால் திரவமாகவே இருக்கும். காற்றுப் புகாத மரை இடுக்கில், உலோகத்தைத் தொட்டதும் இறுகிவிடும். நீல நிறப் பசையைச் சாதாரணக் கருவியால் பின்னொரு நாள் கழற்றலாம். சிவப்பைச் சூடுகாட்டாமல் கழற்ற இயலாது. நீலத்தில் ஒரு துளி, திருகின் நுனியில் மட்டும் தடவினோம். இதைப் பிளாஸ்டிக் பாகங்களின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சில வகைப் பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கச் செய்துவிடும்.

இவ்வளவு சிறிய தளர்ச்சிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். வில்லையிலிருந்து பலகை வரையில் ஐம்பது மில்லிமீட்டர் என்று கொள்வோம். தலை ஒரே ஒரு பாகை சாய்ந்தால், வெட்டும் புள்ளி 0.87 மில்லிமீட்டர் விலகும். பத்தாம் வகுப்புத் திரிகோண கணிதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. அன்று மாலையே கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். கோட்டின் அகலமே 0.1 மில்லிமீட்டர்தான். தலை போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் சாய்ந்தால், ஒரு கோடு இரண்டு கோடாகும். 'அ' என்ற எழுத்து பேயெழுத்தாகும்.

திருகு சரியாயிற்று. ஆனால் இன்னொரு தடை. பெட்டியோடு வந்த பச்சைக் கண்ணாடியில் எந்த அலை நீளத்துக்கு, எவ்வளவு காப்பு என்ற எண்ணே இல்லை. நீல லேஸருக்கான கண்ணாடியில் 450 நானோமீட்டரை உள்ளடக்கிய எண்களும், ஒளி தடுக்கும் அளவும் பொறித்திருக்கவேண்டும். அந்த அளவு 5 என்றிருந்தால், ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும். எண்ணில்லாத கண்ணாடியை நாம் வெயிலுக்குப் போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் கண்ணுக்கு அதை நம்ப முடியாது. சென்னை ரிட்சி தெருக் கடையொன்றில் சொல்லிவைத்து, எண் பொறித்த கண்ணாடிகள் வந்துசேர ஒன்பது நாட்கள் ஆயின. கண்காட்சி அதற்குள் முடிந்துவிட்டது.

அறுபது பெயர்ப் பலகைகளையும் கத்தரிக்கோலால் அட்டையில் வெட்டி எழுதினார்கள். யந்திரம் மின்சாரமில்லாமல் ஒரு மேஜைமேல் இருந்தது. அதன் முன்னால் தேய்ந்துபோன அந்தத் திருகை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து, அது எங்கே கிடைத்தது, விசையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மாணவி எழுதிவைத்தாள். ஓடாத யந்திரத்தைப் பார்த்துப் பையன்களில் சிலருக்கு முகம் சுண்டித்தான் போயிற்று. வந்த பெற்றோர்களோ அந்தத் திருகைத்தான் நின்று படித்தார்கள். அவர்களில் பலர் திருகோடு பிழைப்பவர்கள்.

எங்கள் ஊருக்கென்று மேலும் ஒரு விஷயம் உண்டு. 1500 மெகாவாட் வள்ளூர் அனல் மின் நிலையமும், வட சென்னை அனல் மின் நிலையமும் பக்கத்தில் இருப்பதால், ஜன்னலைத் திறந்துவைத்தால் மேஜைமேல் சாம்பல் படிகிறது. நிலக்கரிச் சாம்பல் மாவு போல் தோன்றினாலும் அது கண்ணாடியைக் கீறும் மணல் ஜாதி. வில்லைமேல் அது படிந்திருக்கும்போது லேஸர் பாய்ந்தால், சாம்பல் சூடாகி வில்லை விரியும். துணியால் துடைத்தாலோ கீறல் விழும். வாயால் ஊதினால் எச்சில். ஆகவே ரப்பர்க் குமிழால் காற்றடித்து, பிறகு பஞ்சுக் குச்சியில் சுத்த ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடைக்கிறோம். வேலையில்லாத வேளைகளில் தலைக்குத் துணிப்பை ஒன்று. தையல் வகுப்புப் பெண்கள் தைத்துத் தந்தது.

கண்ணாடிகள் வந்த மறுநாள், யந்திரத்தைக் கறுப்பு வர்ணம் அடித்த மரப்பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, அறையில் நால்வர் மட்டும் கண்ணாடியோடு நின்று, மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் நூறு மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டினோம். கோடு ஒற்றைக் கோடாகவே விழுந்தது. மூலைவிட்டங்களை அளந்தோம்: இரண்டும் 141 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி நின்றன. ரெக்ஸின், பி.வி.ஸி. ஷீட் இவற்றை மட்டும் பெட்டிக்கு அருகில் கொண்டுவரக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். அவை எரிந்தால் குளோரின் கலந்த அமில வாயு எழும்பி மூச்சையும் கெடுக்கும், யந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும்.

முதற் பத்து மணி நேர வேலைக்குப் பின் திருகுகளை மறுபடி பார்க்கவேண்டும் என்று கடைசல்காரர் சொல்லிப் போயிருந்தார். அதற்கு மாணவி ஓர் உபாயம் செய்தாள். தன் அக்காளின் நகப்பூச்சைக் கொண்டுவந்து, ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் தகடு வரையில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இழுத்தாள். திருகு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டறைக்காரர்கள் வர்ணத்தால் செய்வதும் இதுவே. அவளுக்கு அது தெரியாது. திங்கட்கிழமைதோறும் முதல் மணிக்கு முன் நான்கு கோடுகளையும் பார்த்து நோட்டுப் புஸ்தகத்தில் கையெழுத்திடுவது இப்போது அவள் பொறுப்பு. சென்ற திங்கட்கிழமை மூன்றாவது திருகின் கோடு சிறிது விலகியிருப்பதாக எழுதி, விசையைப் போடவிடாமல் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள்.